வெள்ளை ரோஜாவில் மஞ்சள்

ஜனவரி 12

அன்புள்ள புழுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ, உன் வீட்டுக்காரி, வாண்டு எல்லாரும் சுகம்தானே? ஆராய்ச்சிக்கூடத்தில் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை இன்னும் புழு என்று கூப்பிடலாமா என்று கேட்காதே. தீப்பெட்டியில் புழு பிடித்து என் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தவன் நீ. அந்தப் பெயர் அழியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ரோஜாச் செடிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. கேட்டிலிருந்து வாசற்படி வரை அம்மா வைத்த வரிசை இருக்கிறதே, அதுதான். கிளையின் நுனி முதலில் கறுக்கிறது. பிறகு அந்தக் கறுப்பு தண்டு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. தொட்டால் தோல் சுருங்கிக் கிடக்கிறது. போன வருஷம் இரண்டு செடி போயிற்று. இந்த வருஷம் பாதி வரிசை மொட்டையாக நிற்கிறது. மதில்மேல் ஏறிக் கிடக்கும் கொடி ரோஜா மட்டும் எதுவும் நடக்காதது போலப் பூத்துக் குலுங்குகிறது. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

இன்னொன்று. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் செடி பிழைத்திருக்கிறது. ஆனால் அதன் பூக்களில் மஞ்சள் அடிக்கிறது. பழைய துணி மாதிரி ஒரு மஞ்சள். அதுவும் இதே நோயா?

ஊர்ச் செடிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறாய். அம்மாவின் செடிக்கும் கொஞ்சம் பார். எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதே, பேனா புதிது, முனை தடிமன்.

உன் அக்கா

ஜனவரி 20

கத்திரி அக்காவுக்கு,

புழு வணக்கத்துடன் நெளிகிறது. இங்கே எல்லாரும் நலம். வாண்டுக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது, அதைப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறாள்.

உன் கடிதம் மூன்று தாள் வந்தது. விஷயம் என்னவோ ஒரு தாளுக்குத்தான். அந்தப் பேனாவை யார் உனக்கு விற்றது? சுவரில் விளம்பரம் எழுதுகிறவர் கடையில் வாங்கினாயா?

போகட்டும். நோயாளியைப் பற்றி எனக்கு நிறையத் தெரிய வேண்டும். கறுப்பு மேலிருந்து கீழே வருகிறதா, வேரிலிருந்து மேலே போகிறதா? நன்றாகப் பார்த்துச் சொல், இரண்டும் வேறு வேறு வியாதி. தினமும் தண்ணீர் ஊற்றுகிறாயா? எனக்கு உன் பாசத்தின் மேல்தான் முதல் சந்தேகம். செடியை மூழ்கடித்தே கொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. துவைத்த தண்ணீரை அங்கே கொட்டுகிறாயா? ஒரு செடியைத் தோண்டி வேரைப் பார்.

வெள்ளை மஞ்சளாவது எனக்குப் புதிது. இலை மஞ்சளானால் ஆயிரம் காரணம் சொல்வேன். பூ ஏன் மஞ்சளாகிறது?

பின்பக்கத்து அறை உனக்காகக் காலியாகவே இருக்கிறது. தனியாக அத்தனை பெரிய வீட்டைக் கட்டிக்கொண்டு எதற்கு மல்லுக்கு நிற்கிறாய் என்று உன் தம்பி பெண்டாட்டியும் கேட்கச் சொன்னாள்.

புழு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். விழுந்த பல்லைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல், நான் வந்து பார்க்க வேண்டும்.

கறுப்பு மேலிருந்து கீழேதான். தண்ணீர் அளவோடுதான் ஊற்றுகிறேன். துவைத்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. செத்த செடி ஒன்றைத் தோண்டினேன். வேர் அழுகவில்லை, கையில் பிடித்தால் கயிறு மாதிரி உறுதியாக இருக்கிறது. மண்ணுக்குள் உன் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் நெளிந்தார்கள். விசாரித்ததாகச் சொன்னேன்.

இங்கே வேறு செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. தையல் கூடத்தில் வெட்டுமேசையை விட்டுவிட்டேன். நின்று நின்று முதுகு வலிக்கிறது, நானே கேட்டுத்தான் பட்டன் பகுதியில் உட்கார்ந்துகொண்டேன். என் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள், இடதுகைக்காரி. அவளுக்கென்று முதலாளி தனிக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எதிர்த் திசையில் துணி வெட்டுவதைக் கேட்டாலே எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் நல்ல கை. குறை சொல்ல முடியவில்லை, அதுதான் வருத்தம்.

அறையைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது என்ன அவசரம். செடிகளை விட்டுவிட்டு எப்படி வருவது?

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். துணி வெட்டியே கத்திரி என்று பேர் எடுத்த நீ வெட்டுமேசையை விட்டுவிட்டாய் என்று படித்ததும் நம்ப முடியவில்லை. முதுகு அப்படி வலிக்கிறதா? டாக்டரைப் பார்த்தாயா?

செடிக்கு வருகிறேன். நீ எழுதியதை வைத்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இங்கே ஒரே விவாதம். கறுப்பு எறும்புகள்தான் பெயின்ட் அடிக்கின்றன என்பது வாண்டுவின் முடிவு. எதிர்வீட்டில் யாருக்கோ உன்மேல் பொறாமை என்பது அவள் அம்மாவின் முடிவு. வேர் நன்றாக இருப்பதால் தண்ணீர் குற்றவாளி இல்லை, எனவே உன் பாசத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு அந்தக் கொடி ரோஜாதான் விடுகதையாக இருக்கிறது. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். வரிசைச் செடிக்குச் செய்கிற எதை நீ கொடிக்குச் செய்வதில்லை? யோசித்துச் சொல். கறுத்த கிளைகள் சிலவற்றை வெட்டிப் பெட்டியில் போட்டு அனுப்பு. வெள்ளைப் பூ ஒன்றையும் அனுப்பு, அந்த மஞ்சளை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

புழு

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கூடத்தில் கொஞ்சம் ரகளை. நீலச் சட்டைகளுக்குப் பச்சை நூலில் பட்டன் தைத்துவிட்டோம், அத்தனையும் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. நூல் கம்பெனிக்காரன் சீட்டை மாற்றி ஒட்டியிருப்பான். வாசற்படியும் தேய்ந்துபோயிருக்கிறது, அதில் கால் இடறி முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. முதுகுக்கும் டாக்டர் தேவையில்லை.

கொடிக்கு நான் செய்யாதது ஒன்றே ஒன்றுதான், கவாத்து. எட்டாத உயரத்தில் இருக்கிறது, வெட்டுவதே இல்லை. கிளைகளும் பூவும் இத்துடன் வருகின்றன.

குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி ஆறிவிட்டதா? படியைக் கொத்தனாரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

பெட்டி வந்தது. பூ வழியிலேயே வாடி, டீத்தூள் நிறத்தில் வந்து சேர்ந்தது. மஞ்சள் வழக்கை ஒத்திவைக்கிறேன். ஆனால் கிளைகள் வாயைத் திறந்துவிட்டன!

குற்றவாளி ஒரு பூஞ்சை. பெரிய ரௌடி இல்லை, காற்றில் எங்கும் திரிகிற சில்லறைத் திருடன். உயிருள்ள தண்டுக்குள் அவனால் லேசில் நுழைய முடியாது. செத்துப்போன பாகம் கிடைத்தால் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து கீழே தின்றுகொண்டே போவான். அவனுக்குத் திண்டி போட்டது யார் என்பதுதான் கேள்வி. நீதான். கவாத்துச் செய்யும்போது கணுவுக்குச் சற்று மேலே, ஒட்டினாற்போல் வெட்ட வேண்டும். உன் கிளைகளில் கணுவுக்கு மேலே மொட்டைக் கட்டையாக ஒரு துண்டு நிற்கிறது. அதற்குச் சாறு ஏறாது, காய்ந்து செத்துவிடும். அதுதான் அவன் வாசல். கொடியை நீ வெட்டுவதில்லை, அதனால் அது தப்பித்தது.

எனக்குப் பிடிபடாதது வேறு. சோம்பேறித் தோட்டக்காரன் விடுகிற கட்டை ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று குட்டையாக இருக்கும். உன்னுடையவை எல்லாம் ஒரே அளவு. அளவுகோல் வைத்து வெட்டியது போல! இத்தனை ஒழுங்காக ஒரு தப்பை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. வெட்டுவது நீதானா, வேறு யாராவதா? எந்த நேரத்தில் வெட்டுகிறாய், எப்படிப் பிடிக்கிறாய்? ஆர்வத்தில் தூக்கம் வரவில்லை, உடனே எழுது. இனிமேல் கணுவை ஒட்டி வெட்டி, இரண்டு துண்டு எனக்கு அனுப்பு.

புழு

ஏப்ரல் 10

தம்பிக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. வெட்டுவது நான்தான், வேறு யார் வருவார்கள்? வேலை விட்டு வந்த பிறகு சாயங்காலத்தில் வெட்டுகிறேன். பிடிப்பதற்கு என்ன பெரிய வித்தை இருக்கிறது, எல்லாரும் பிடிப்பது போலத்தான். நீ சொன்னபடியே வெட்டி அனுப்பியிருக்கிறேன், திருப்திதானே. இனிமேல் செடிகள் பிழைத்துக்கொள்ளும். இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஏப்ரல் 18

என் அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பி இதுவரை எழுதினேன். இந்த முறை அப்படித் தொடங்க முடியவில்லை.

துண்டுகள் வந்தன. வெட்டு அற்புதம், பாடப்புத்தகத்தில் போடலாம். ஆனால் அது உன் வெட்டு இல்லை. செடி வெட்டும் கத்தரியில் ஒரு அலகு வெட்டும், மற்றது தாங்கிப் பிடிக்கும். தாங்குகிற அலகு தண்டை லேசாக நசுக்கும். நீ முன்பு அனுப்பிய எல்லாவற்றிலும் அந்தத் தடம் ஒரு பக்கத்தில் இருந்தது. இவற்றில் எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதே கத்தரியை இடது கையில் பிடித்தால்தான் அப்படி விழும். உங்கள் கூடத்துப் பெண்ணுக்கு என் பாராட்டுகளைச் சொல். ஏன் அவளைக் கூப்பிட்டாய்?

பதில் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். போன வாரம் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. உன் தம்பி பெண்டாட்டி இருட்டிலேயே அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய், "கையை வெட்டிக்கப் போற, வை கீழே" என்றேன். அவள் சிரித்தாள். "விரலை வச்சு மறைச்சுக்கிட்டு, விரலுக்கு இந்தப் பக்கமா வெட்டினா எப்படிங்க கை படும்?" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாத் துண்டும் ஒரே அளவு, அவள் விரல் பருமன்.

மறுநாள் உன் கட்டைகள்மேல் அவளுடைய விரலை வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் கச்சிதமாகப் பொருந்தியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணிக்குக் கணு தெரியலைங்க. தடவிப் பார்த்து, விரலால பிடிச்சுக்கிட்டு வெட்டுறாங்க" என்றாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். தடிமனான பேனா, பச்சை நூல், தேய்ந்த படி, முதுகு வலி. நான் மக்கு. செடியைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவன் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா, உனக்குப் பார்வை எப்படி இருக்கிறது? எத்தனை நாளாக இப்படி? எனக்குப் பயமாக இருக்கிறது. தயவு செய்து பூசி மெழுகாமல் எழுது.

உன் தம்பி

மே 27

தம்பிக்கு,

கடிதமும் அதற்குப் பிறகு நீ போட்ட கார்டுகளும் கிடைத்தன. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. செடியைப் பார்க்கச் சொன்னால் ஆளைத் துப்பறிகிறாய். படித்துவிட்டு உன் கார்டு ஒன்றைக் கிழித்தும் போட்டேன். பிறகு அந்தத் துண்டுகளைப் பொறுக்க முடியாமல் தரையில் தடவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

ஆமாம், தெரியவில்லை. போன வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பிறகு துணியில் போட்ட சாக்பீஸ் கோடு மங்கிற்று. ஒரு நாள் கால்சட்டைத் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். உன் கடிதத்தைக்கூட மத்தியான வெயிலில் வாசலில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறேன். அந்தப் பெண்ணிடம் மணிக்கட்டு பிசகிவிட்டது என்று சொல்லித்தான் வெட்டித் தரச் சொன்னேன்.

அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய், கூட இருந்தவள் நான். பார்வை போன கடைசி வருஷங்களில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு என்ன பூத்திருக்கு?" என்று தினமும் கேட்பாள். நான் போய்ப் பார்த்துச் சொல்வேன். சில நாள் வேலை அவசரத்தில் பார்க்காமலே சொல்வேன். அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் சரி என்பாள். அந்த நாற்காலியில் போய் உட்கார எனக்குப் பயம், தம்பி. டாக்டரிடம் போனால் அம்மாவுக்கு வந்ததுதான் என்று சொல்லிவிடுவார். நீ வந்து என்னைப் பொட்டலம் கட்டி அந்தப் பின்னறையில் வைத்துவிடுவாய். இந்த வீட்டில் எந்தக் கதவு எங்கே என்று இருட்டிலும் எனக்குத் தெரியும். உன் வீட்டில் நான் ஒரு நாற்காலியாகத்தான் இருப்பேன்.

அதனால்தான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இனி என்ன செய்யப் போகிறாய்?

அக்கா

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டாய். செய்துவிட்டேன். பின்னறையை வாண்டுக்குக் கொடுத்துவிட்டோம். அவள் சுவர் முழுக்க யானை வரைந்து, கதவில் "அனுமதி இல்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். இனி நீயே கேட்டாலும் கிடைக்காது. விருந்தாளியாக வந்தால் கூடத்தில் பாய்தான்.

உன் வீட்டை விட்டு உன்னை நான் கிளப்ப மாட்டேன். உறுதியாகச் சொல்கிறேன். அதற்குப் பதிலாக நீ கண் டாக்டரிடம் போக வேண்டும். அம்மாவுக்கு வந்ததுதான் என்று பார்க்காமலே எப்படி முடிவு கட்டுகிறாய்? நானும் முதலில் பார்க்காமலேதான் தண்ணீர்மேல் பழி போட்டேன். வேரைத் தோண்டிப் பார்த்த பிறகுதானே தெரிந்தது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், போய்விட்டு வா.

கிழித்த கார்டில் முக்கியமாக ஒன்றும் இல்லை. உன்னைத் திட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

புழு

ஜூன் 24

அன்புள்ள புழுவுக்கு,

போய்விட்டு வந்தேன். அந்த இடதுகைக்காரிதான் கூட வந்தாள். மணிக்கட்டுப் பொய்யைச் சொன்னேன், "அக்கா, எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒன்றையும் மறைக்க முடியாது.

டாக்டரம்மா என்னென்னவோ கருவி வைத்து உற்று உற்றுப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை. எடுத்துவிட்டு லென்ஸ் வைத்துவிடலாம், ஒரு கண்ணை முதலில், மற்றதைப் பிறகு. இதற்காகவா இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று சிரிப்பு வந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அம்மாவுக்கு இருந்த அந்தக் கண் அழுத்தமும் எனக்குத் தொடங்கியிருக்கிறதாம். இப்போதுதான் தலைகாட்டுகிறது. சொட்டு மருந்தைத் தினமும் தவறாமல் விட்டால் கட்டுக்குள் வைக்கலாம் என்கிறாள். "இப்பவே வந்தீங்களே, நல்லவேளை. இன்னும் விட்டிருந்தா போன பார்வை திரும்ப வராது" என்றாள். வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் ஆபரேஷன். வாண்டுக்குப் பள்ளி இருக்கும், நீ மட்டும் வா. காலிப் பெட்டியோடு மட்டும் வராதே. என் துணிமணிகளை அடுக்க வந்தாயோ என்று சந்தேகப்படுவேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள புழுவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? இங்கே நான் நலம், இந்த முறை நிஜமாகவே. எழுத்து சின்னதாகிவிட்டதைப் பார்த்திருப்பாய். பேனா அதேதான்.

நீ பஸ் ஏறிப் போன மறுநாள், காலையில் மருந்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீ வெட்டிவிட்டுப் போன வரிசையில் ஒவ்வொரு கணுவிலும் சிவப்பாகத் துளிர் வந்திருக்கிறது. தடவாமலே தெரிந்தது. அதை எண்ணிக்கொண்டே போனவள் வெள்ளைச் செடியிடம் வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

வெள்ளையாக இருக்கிறது, தம்பி. துளி மஞ்சள் கிடையாது. அம்மா வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படிச் சுத்த வெள்ளை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் மருந்து ஏதாவது வேலை செய்ததோ என்றுகூட நினைத்தேன். பிறகு, ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் பார்த்தேன். மஞ்சள்! கையை மாற்றினேன். வெள்ளை! மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டு நான் நின்றதைப் பார்த்து, தெருவில் போன தபால்காரர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார்.

நீ ஒத்திவைத்த வழக்கை இனி மூடிவிடலாம். அந்தச் செடிக்கு எந்த நாளும் எந்த நோயும் இல்லை. இத்தனை நாளும் நான்தான் அதைப் பழைய துணி என்று ஏசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போய் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

மற்றக் கண்ணுக்கும் நாள் குறித்தாயிற்று. வெட்டுமேசைக்கு எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று முதலாளி கேட்டார். அது இனி அந்தப் பெண்ணின் இடம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் பக்கத்தில் இன்னொரு மேசை போட அவருக்கு இடம் இருக்கிறதாம். பார்க்கலாம்.

அம்மாவின் ஜன்னலோர நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பயமாக இல்லை. என்ன பூத்திருக்கிறது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கேட்டோரம் சிவப்பு ஒன்று, மதில்மேல் கொடி நிறைய, வாசலில் வெள்ளை இரண்டு.

கத்திரி அக்கா